கிட்டப்பாவுக்கு வரம், சுந்தராம்பாளுக்கு அரைப் பேர்

தமிழ் நாடக மேடையின் பேர்போன காதலுக்குத் தரகு பார்த்த ஊர் கொழும்பு. தமிழ்நாட்டுக்காரர்கள் இதைச் சௌகரியமாக மறந்துவிட்டார்கள். செங்கோட்டை கிட்டப்பாவும் கொடுமுடி சுந்தராம்பாளும் முதன்முதலாக ஒரே மேடையில் ஏறியது 1926 வாக்கில், இந்தத் தீவில். மதுரைக்கோ சென்னைக்கோ அந்தப் பெருமை கிடையாது. தரகுக் கூலி இன்றுவரை எங்களுக்கு வந்து சேரவில்லை.

இதில் எங்கள் ஊரான மாத்தளைக்கு நேரடியாக ஒரு பங்கும் இல்லை என்பதையும் இப்போதே சொல்லிவிடுவது நல்லது. 1914இல் பாம்பன் பாலம் திறந்த பிறகு, எழும்பூரில் ரயில் ஏறுகிறவர் தனுஷ்கோடியில் கப்பலுக்கு மாறி, தலைமன்னாரில் மறுபடி ரயில் பிடித்து, கொழும்பில் போய் இறங்க முடிந்தது. நாடகக் கம்பனிகள் திரைச்சீலை, கிரீடம், ஆர்மோனியம் எல்லாவற்றையும் மூட்டை கட்டிக்கொண்டு இந்த ‘போட் மெயில்’ வழியாக வந்தன. அந்த ரயில் மாத்தளையை எட்டிக்கூடப் பார்க்காமல் போய்விடும். எங்கள் ஊருக்கு 1880இலேயே ரயில் வந்தது உண்மைதான். வந்த ரயில் களைத்துப்போய் மாத்தளையிலேயே நின்றுவிட்டது. அதற்கு வடக்கே இன்றைக்கும் தண்டவாளம் இல்லை.

தோட்ட வேலைக்கு எங்கள் பாட்டன் பூட்டன்மார் வந்ததோ கால்நடையாக. மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே தம்புள்ளையைத் தாண்டி, வழியில் காய்ச்சலுக்கும் வாந்திபேதிக்கும் ஆட்களைப் பறிகொடுத்துக்கொண்டு மாத்தளைக்கு வந்து சேர்ந்தார்கள். மிஞ்சியவர்கள் கும்பிட்ட முத்துமாரி இன்று 108 அடிக் கோபுரத்தோடு ஊருக்குள் நிற்கிறாள். பின்னால் ரயிலிலும் கப்பலிலும் வந்தவர்களை மண்டபம் முகாமில் நிறுத்திவைத்து, நோய் நொடி உண்டா என்று புரட்டிப் பார்த்து அனுப்பினார்கள். அதே கடலைத் தாண்டி வந்த கிட்டப்பாவுக்குக் கிடைத்தது மாலை. கலைக்குத் தொற்றுநோய் கிடையாது என்று வெள்ளைக்காரன் நினைத்திருக்க வேண்டும்.

ஆனாலும் கிட்டப்பாவா சுந்தராம்பாளா என்கிற வழக்கை விசாரிக்க மாத்தளைக்காரருக்குத் தகுதி உண்டு. மாசி பிறந்தால் எங்கள் தோட்டங்களில் காமன் கூத்து. சிவன் நெற்றிக்கண்ணால் மன்மதனை எரித்தாரா இல்லையா என்று தஞ்சாவூர்ப் பக்கத்து லாவணிக்காரர்கள் எரிந்த கட்சி, எரியாத கட்சி எனப் பிரிந்து விடிய விடியப் பாடியும் தீராத வழக்கு அது. அந்த மன்மதனுக்கு மாசிதோறும் கம்பம் நட்டுக் கொண்டாடுகிற எங்களுக்கு, முடிவு வராது என்று தெரிந்த விஷயத்தில் முழு மனத்தோடு சண்டை போடுகிற பயிற்சி நிறையவே உண்டு. தேத்தண்ணிக் கடை வாங்கில் இரண்டு பேர் உட்கார்ந்தால் மூன்று கட்சி.

கிட்டப்பா விஷயத்தில் கட்சிகள் இரண்டுதான். வரம் கட்சி, உழைப்புக் கட்சி. பழைய பாட்டுக் கேட்கிற பெரியவர்கள் பேச ஆரம்பித்தால் அநேகமாக இப்படித்தான் போகும்:

“கிட்டப்பா தொண்டையில ஆண்டவனே எழுதி வச்சது தம்பி. அதெல்லாம் படிச்சு வர்றதில்ல.”

“அப்ப சுந்தராம்பாள், அண்ணே?”

“அந்தம்மா பாவம். கஷ்டப்பட்டு முன்னுக்கு வந்தவங்க.”

கவனித்தீர்களா? ஒருவருக்கு ஆண்டவன், மற்றவருக்குப் பாவம். தோட்டத்துக் கணக்கில் சொன்னால், கங்காணி ஒரு நாள் வேலைக்கு ஒரு பேர் போடுவார். கொழுந்து குறைந்தால் அரைப் பேர். நூறு வருஷமாகத் தமிழ் ரசிகர்கள் கிட்டப்பாவுக்கு முழுப் பேரும் சுந்தராம்பாளுக்கு அரைப் பேரும் போட்டு வருகிறார்கள். பேர் பதிகிற செக்ரோலைத் திறந்து பார்த்தால் கணக்குத் தலைகீழாக இருக்கிறது.

முதலில் மேதையைப் பார்ப்போம். செங்கோட்டையில் 1906இல் பிறந்த பிள்ளை. அப்பா கங்காதர ஐயர். வீட்டில் பிள்ளைகள் அதிகம், அரிசி குறைவு. அண்ணன்மார் நாடகத்துக்குப் போனார்கள், தம்பியையும் இழுத்துக்கொண்டார்கள். பள்ளிக்கூடத்துப் பக்கம் ஒதுங்க நேரமில்லாமல், ஐந்தாறு வயதிலேயே மேடைக்கு வந்தாயிற்று. இதைத்தான் வரலாறு ‘இளமையிலேயே கலையார்வம் ததும்பியது’ என்று எழுதும். பசி ததும்பினாலும் வெளியே இருந்து பார்க்கிறவருக்கு ஆர்வம் மாதிரித்தான் தெரியும்.

சேர்ந்த இடம் சாதாரண இடமா? சங்கரதாஸ் சுவாமிகளின் சமரச சன்மார்க்க நாடக சபை. சுவாமிகள் முன்னொரு காலத்தில் நடிகர். நளன் கதையில் சனீஸ்வரனாக வேஷம் கட்டி ஆடிவிட்டு, விடியற்காலையில் அரிதாரம் கலைக்கக் குளத்துக்குப் போனார். அங்கே துணி வெளுத்துக்கொண்டிருந்த பெண் அந்த முகத்தைப் பார்த்த அதிர்ச்சியிலேயே உயிரை விட்டாள் என்று ஒரு கதை சொல்வார்கள். அதோடு சுவாமிகள் வேஷம் கட்டுவதை விட்டு வாத்தியார் ஆனாராம். ஊருக்கு நல்லது. பையன்களின் நிலைமையை யோசித்துப் பாருங்கள். ஆளைக் கொன்ற முகம் எதிரே உட்கார்ந்து ‘மறுபடி பாடு’ என்றால் எந்தப் பிள்ளை சாதகம் செய்யாமல் இருக்கும்?

நாடகக் கம்பனியில் பையனுக்கு விடியல் முன்னாலேயே வந்துவிடும். எழுந்ததும் குரல் சாதகம், பிறகு பாடம், மத்தியானம் ஒத்திகை, இரவு பத்து மணிக்கு மேல் நாடகம், முடிகிறபோது கோழி கூவும். எங்கள் லயங்களில் தப்புச் சத்தத்துக்கு எழும்பி, ஆள் எண்ணுகிற பெரட்டுக்கு ஓடியவர்களுக்கும் இவர்களுக்கும் ஒரே ஒரு வித்தியாசம். நாங்கள் கொழுந்துக் கூடையைத் தூக்கினோம், அவர்கள் கிரீடத்தைத் தூக்கினார்கள். கிரீடமும் கனம்தான்.

அதிலும் ஒரு கண்டம் இருந்தது. பதின்மூன்று, பதினான்கு வயதில் பையனுக்கு மகரக்கட்டு. குரல் உடைந்து, ஒரு வரியில் தவளையும் அடுத்த வரியில் குயிலுமாகத் தடுமாறும். எத்தனையோ பால நடிகர்கள் அந்தப் படியில் விழுந்து எழுந்திருக்கவேயில்லை. புதுக்கோட்டை சின்னப்பா, அதாவது பின்னாளில் ‘உத்தம புத்திரன்’ படத்தில் இரட்டை வேஷம் போட்ட பி. யு. சின்னப்பா, குரல் உடைந்ததும் சிலம்பம், குஸ்தி என்று இறங்கி, உடம்பைத் தேற்றிக்கொண்டு பிறகு திரும்பி வந்தவர். கிட்டப்பா அந்தக் கண்டத்தைத் தாண்டிவிட்டார். குரல் உச்சத்திலேயே நின்றது. வரம் கட்சிக்காரர்களுக்கு நான் விட்டுக்கொடுக்கிற இடம் இது ஒன்றுதான். தொண்டையின் எலும்பும் சதையும் உழைப்பால் வருவதில்லை. அந்தத் தொண்டைக்குள்ளே போன ராகம், தாளம், பிருகா எல்லாம் பத்து வருஷத்துக்கு மேல் அடித்துப் பழுக்கவைத்தவை. பிறகு கண்ணையா கம்பனியில் சேர்ந்து ‘தசாவதாரம்’ மாதிரியான பிரமாண்ட நாடகங்களில் கொடி நாட்டியபோது, டிக்கட் வாங்கி வந்தவர்கள் பார்த்தது அந்தப் பத்து வருஷத்தின் விளைச்சலை. விதைத்ததைப் பார்க்காதவர்கள், தானாக முளைத்தது என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனார்கள்.

சுந்தராம்பாளின் பக்கத்தைப் புரட்டினால், அங்கே சுவாமிகளைப் போல ஒரு வாத்தியார் காணோம். 1908இல் கொடுமுடியில் பிறந்தவர். குடும்பத்தில் வறுமை என்று சொல்வதுகூட மரியாதைக்குத்தான். சின்னப் பெண்ணாக ரயிலில் பாடிக் காசு வாங்கியவர். சங்கீதம் யார் சொல்லிக்கொடுத்தது? காவிரியும் கரூர்ப் பாசஞ்சரும். அப்படிப் பாடிக்கொண்டிருந்தபோது எப். ஜி. நடேசய்யர் காதில் விழுந்தது என்று சொல்வார்கள். நடேசய்யர் திருச்சியில் ரயில்வே உத்தியோகஸ்தர். ரசிக ரஞ்சனி சபாவின் நாடகக்காரர். டிக்கட் இல்லாமல் பயணம் செய்கிறவர்களைப் பிடிக்கிற இலாகாவில் இருந்துகொண்டு, சபா இல்லாமல் பாடுகிறவர்களைப் பிடித்தார். தியாகராஜ பாகவதரைச் சிறுவயதில் மேடை ஏற்றியதும் இதே மனிதர்தான். பிறகு சுந்தராம்பாள் வேலு நாயர் கம்பனிக்குப் போய், பையன் வேஷங்களில் ஆரம்பித்து, ராஜபார்ட் வரைக்கும் வந்தார்.

இப்போது சொல்லுங்கள். ஆறு வயதிலிருந்து வாத்தியாரிடம் அடியும் பாடமும் வாங்கி வளர்ந்தவர் பிறவி மேதையா? ஒரு நாள்கூட உட்கார்ந்து சரளி வரிசை பழக வசதியில்லாமல், ரயில் சக்கரச் சத்தத்துக்கு மேலே எழும்பும்படி பாடிய குழந்தை வெறும் உழைப்பாளியா? பெயர்ப்பலகையை மாட்டினவன் ஆளை மாற்றி மாட்டிவிட்டான்.

இது நம்மூர்க் கோளாறு மட்டும் இல்லை. வியன்னாவில் மொசார்ட் தெய்வக் குழந்தை, சாலியேரி பொறாமை பிடித்த உழைப்பாளி என்று ஒரு கதை; 1984இல் ‘அமேடியஸ்’ என்று படமாகவே வந்து ஊரெல்லாம் நம்பியது. மொசார்ட்டின் அப்பாவே ஒரு சங்கீத வாத்தியார், பிள்ளையை மழலை மாறும் முன்னே வாத்தியத்தின் முன் உட்காரவைத்தவர் என்பதைக் கதை மெல்ல விழுங்கிவிடும். சாலியேரி பீத்தோவனுக்கும் ஷூபர்ட்டுக்கும் பாடம் சொன்னவர்; மொசார்ட்டின் மகனுக்கும் சொல்லிக்கொடுத்தார். எதிரியின் பிள்ளைக்கு ட்யூஷன் எடுக்கிற வில்லனை நான் வேறெங்கும் கேள்விப்பட்டதில்லை.

மயிலாப்பூரிலும் இதே வழக்கு நடந்தது. ஜி. என். பாலசுப்பிரமணியத்துக்கு மின்னல் மாதிரிக் குரல், பி.ஏ. ஆனர்ஸ் வேறு. செம்மங்குடி சீனிவாசய்யருக்குச் சின்ன வயதில் இருந்த குரலைக் கேட்ட மலைக்கோட்டை கோவிந்தசாமிப் பிள்ளை, பையனுக்குப் பாட்டு வேண்டாம், பிடில் கற்றுக்கொள்ளட்டும் என்று யோசனை சொன்னாராம். பையன் கேட்கவில்லை. அசுர சாதகம் பண்ணி, அந்தக் கரகரப்பையே ஒரு பாணியாக்கி உட்கார்ந்துகொண்டார். சங்கீத கலாநிதி பட்டம் செம்மங்குடிக்கு 1947இல்; ஜி. என். பி.க்கு 1958இல். மேதையைக் கொஞ்சம் காயப்போட்டுப் பார்ப்போம் என்று பட்டம் கொடுக்கிற மியூசிக் அகாதமி நினைத்திருக்கலாம்.

சரி, கொழும்புக்கு வருவோம்.

சுந்தராம்பாள் ஏற்கெனவே இங்கே நாடகம் ஆடிப் பேர் வாங்கிக்கொண்டிருந்தார். நாடகக் கொந்தராத்துக்காரர்களுக்கு ஒரு வியாதி உண்டு. அரங்கு நிறைந்தால் தூக்கம் வராது. இன்னும் எப்படி நிறைப்பது என்று யோசிப்பார்கள். கிட்டப்பாவையும் கூட்டி வந்து இரண்டு பேரையும் ஒரே மேடையில் விட்டால் என்ன என்று யாருக்கோ தோன்றியிருக்கிறது. அந்தப் பேச்சு எப்படி நடந்திருக்கும் என்பது என் கற்பனை:

“முதலாளி, ரெண்டு பேரும் சிங்கம். ஒரே கூண்டில விட்டா அடிச்சுக்கிடுவாங்க.”

“அதுக்குத்தானே டிக்கட் விக்கிறோம்?”

சுந்தராம்பாளுக்கு நலம் விரும்பிகள் கிளம்பிவிட்டார்கள். எங்கேயும் கிளம்புகிறவர்கள்தான். கிட்டப்பாவோடு நடிக்காதே, அந்தக் குரலுக்கு முன்னால் உன் குரல் எடுபடாது, வாங்கின பேரும் போய்விடும் என்று பயமுறுத்தினார்கள். சுந்தராம்பாளோடு பாடாதே என்று கிட்டப்பாவை யாராவது பயமுறுத்தினார்களா என்று தேடினால், அப்படி ஒரு கதை எங்கும் அகப்படவில்லை. சுந்தராம்பாள் சரி என்றார். நாடகம் ‘வள்ளி திருமணம்’.

இந்த நாடகத்தை எப்படி ஆடுவார்கள் என்பதை இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குக் கொஞ்சம் விளக்க வேண்டும். அன்று ‘ஸ்பெஷல் நாடகம்’ என்று ஒரு வகை. ராஜபார்ட் ஓர் ஊர், ஸ்திரீபார்ட் இன்னோர் ஊர், பபூன் எங்கிருந்தோ. கொந்தராத்துக்காரர் ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பேசி அமர்த்துவார். ஒத்திகை கிடையாது. சங்கரதாஸ் சுவாமிகள் எழுதிவைத்த கதையும் பாட்டும் எல்லாருக்கும் மனப்பாடம். மீதி மேடையில் பார்த்துக்கொள்வார்கள். ‘வள்ளி திருமணம்’ என்றால் அதன் உயிர் தினைப்புனத்துத் தர்க்கம். பரண்மேல் நிற்கிற வள்ளியிடம் வேடனாக வந்த முருகன் வம்பு வளர்ப்பான். அவள் திருப்பிக் கொடுப்பாள். கேள்விக்குக் கேள்வி, பாட்டுக்குப் பாட்டு. எதிராளி என்ன ராகத்தில் இறங்குவார், எங்கே கொண்டுபோய் விடுவார் என்பது முன்கூட்டித் தெரியாது. ஆர்மோனியக்காரர் மட்டும் இரண்டு பக்கமும் கண்ணை ஓடவிட்டுக்கொண்டு, காலால் பெடலை மிதித்தபடி பின்பாட்டுப் பாடுவார். அந்த மனிதருக்கு யாரும் சிலை வைத்ததில்லை.

மைக் கிடையாது. இதை அடிக்கோடிட்டுப் படியுங்கள். கடைசி வரிசையில் காலணா குறைத்துக் கொடுத்து உட்கார்ந்திருப்பவனுக்கும் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் அவன் கேட்கும்படி சொல்வான். அதனால் சுருதி மேலே இருக்கும். கச்சேரி வித்துவான் ஒரு கட்டையில் நிம்மதியாக ஏப்பம் விட்டுக்கொண்டு பாடலாம். நாடகக்காரருக்கு நாலு கட்டை, ஐந்து கட்டை. ஐந்து கட்டை என்றால் ஆர்மோனியத்தில் ஐந்தாவது வெள்ளைக் கட்டையை ஆதார சுருதியாக வைத்துக்கொண்டு, அதற்கும் மேலே ஏறிப் போவது. கிட்டப்பா அங்கேதான் குடியிருந்தார். சுந்தராம்பாளும் அதே தெருவில்தான் வீடு.

கதையில் தினைப்புனம் என்பதெல்லாம் ஒரு சாக்குத்தான். வேடன் திடீரென்று தியாகராஜ கீர்த்தனையைத் தெலுங்கில் ஆரம்பிப்பான். குறவர் வீட்டுப் பெண் ஏனென்று கேட்கமாட்டாள். அவளும் ஒரு விருத்தத்தை எடுத்துவிடுவாள். சபை ‘ஒன்ஸ்மோர்’ என்று கூரையைப் பிய்க்கும். அந்தக் காலத்து மேடையில் செத்துக் கிடக்கிற ராஜாகூட ஒன்ஸ்மோர் கேட்டால் எழுந்து பாடிவிட்டு மறுபடி செத்துப்போவார். சாவைவிட ரசிகன் முக்கியம்.

கொழும்பில் அந்த இரவு ஜெயித்தது யார்? கொந்தராத்துக்காரர்.

மற்ற இருவரும் தோற்றதாகக் கணக்கில்லை. குரலுக்குக் குரல் சளைக்கவில்லை என்று ஊர் பேசியது. மோதவிட்டு வேடிக்கை பார்க்கலாம் என்று நினைத்தவர்கள் ஒரு விஷயத்தைக் கோட்டைவிட்டார்கள். தன் கேள்விக்குச் சரியான பதில் சொல்லக்கூடிய ஒரே ஆளை இருபது வயதில் சந்தித்தால் மனிதனுக்குப் பகை வராது, வேறு ஏதோ வரும். 1927இல் மாயவரத்தில் கல்யாணமே நடந்துவிட்டது. கிட்டப்பாவுக்கு ஏற்கெனவே ஊரில் ஒரு மனைவி இருந்தார் என்பது சின்ன விவரமில்லை. ஆனால் மேடையில் இரண்டு மனைவிக்காரராகிய முருகனின் கதையையே ஆடிக்கொண்டிருந்தவருக்கு அது உறுத்தியதாகத் தெரியவில்லை. சாதி வேறு என்று ஊர் முணுமுணுத்தது. முணுமுணுத்துக்கொண்டே டிக்கட் வாங்கியது.

பிறகு வந்த நாலைந்து வருஷம் அந்த ஜோடியின் ராஜ்யம். நாடகம் என்றால் கிட்டப்பா–சுந்தராம்பாள். இசைத்தட்டும் அவர்களே. வீட்டுக்குள்ளே அவ்வளவு சுருதி சேரவில்லை. பிறந்த குழந்தை தங்கவில்லை. மனஸ்தாபம், பிரிவு, கடிதங்கள். அந்தக் கடிதங்கள் பின்னால் அச்சிலும் வந்துவிட்டன. சுந்தராம்பாள் எழுதியவற்றைப் படித்தால், இந்த அம்மாள் எழுத்தாளராகப் போயிருந்தால் நம்மில் பலருக்குப் பிழைப்புப் போயிருக்கும் என்று தோன்றும். அதையும் யாரும் வரம் என்று சொல்லக் காணோம்.

கிட்டப்பாவின் உடம்பு கெட்டது. குடியும் ஒரு காரணம் என்பார்கள். 1933 டிசம்பர் 2ஆம் திகதி போய்ச் சேர்ந்தார். இருபத்தேழு வயது. தெய்வத்துக்குப் பிரியமானவர்களைத் தெய்வம் சீக்கிரம் அழைத்துக்கொள்ளும் என்று வரம் கட்சி கண்ணைத் துடைத்துக்கொண்டது. நான் வேறு மாதிரிக் கணக்குப் பார்க்கிறேன். ஆறு வயதில் வேலைக்குச் சேர்ந்தவருக்கு இருபத்தேழில் இருபத்தோரு வருஷ சர்வீஸ். அதில் பாதி இரவு ஷிப்ட். உச்சஸ்தாயியில், மைக் இல்லாமல். எங்கள் தோட்டத்தில் அப்படி உழைத்தவன் சாய்ந்தால் ‘ஆண்டவன் கொடுத்த உடம்பு, ஆண்டவன் எடுத்துக்கொண்டான்’ என்று துரை எழுதியிருப்பான். நாங்கள் அதை நம்பியிருக்கமாட்டோம்.

சுந்தராம்பாளுக்கு அப்போது இருபத்தைந்து. நகையைக் கழற்றி வைத்தார், வெள்ளைச் சேலை உடுத்தினார், இனி எந்த ஆணோடும் ஜோடியாக நடிப்பதில்லை என்றார். சொன்னபடியே இருந்தார். ஜோடி இல்லாமல் ஒரு நடிகை என்ன செய்ய முடியும்? 1935இல் ‘பக்த நந்தனார்’ படத்தில் நந்தனாராகவே நடித்தார். சம்பளம் ஒரு லட்சம் ரூபாய். அன்றைக்கு நம் சினிமாவில் யாரும் கேட்டிராத தொகை. எதிரே வேதியராக மகாராஜபுரம் விசுவநாதய்யர். படம் வந்ததும் கல்கி விகடனில் விமர்சனம் எழுதினார். பனைமரமும் எருமைக்கிடாவும் நன்றாக நடித்திருக்கின்றன என்கிற ரீதியில். ஒரு லட்சம் வாங்கியவரைப் பனைமரத்துக்குப் பின்னால் நிறுத்திய அந்த விமர்சனத்தை இன்றைக்கும் சிரித்துச் சிரித்துச் சொல்கிறார்கள். கிட்டப்பாவைப் பற்றி யாரும் இப்படி எழுதத் துணிந்ததாகத் தெரியவில்லை. மேதைகள் பக்கத்தில் எருமைகள் வருவதில்லை.

அந்த அம்மாள் அசரவில்லை. காங்கிரஸ் மேடைகளில் பாடினார். 1937இல் காந்தி கொடுமுடி வீட்டுக்கு வந்தபோது தங்கத் தட்டில் சாப்பாடு வைத்தாராம். சாப்பாடு மட்டும்தானா, தட்டு இல்லையா என்று காந்தி கேட்க, தட்டையும் கொடுத்தாராம். தமிழ்நாட்டில் ஒரு பெண்ணிடம் இவ்வளவு நேரடியாகச் சீர் கேட்டவர் மகாத்மாவாகப் போய்விட்டதால் யாரும் குறை சொல்லவில்லை. 1951இல் சென்னை சட்ட மேலவைக்குப் போனார். சினிமாவிலிருந்து சட்டமன்றத்துக்குப் போகிற பாதைக்குப் பிள்ளையார் சுழி போட்டது இந்த அம்மாள்தான். பின்னால் அதே பாதையில் ராஜபாட்டையாகப் போன ஒருவர் எங்களுக்குப் பக்கத்துக் கண்டியில் பிறந்தவர் என்பதை மாத்தளைக்காரர் கொஞ்சம் பொறாமையோடு நினைவில் வைத்திருக்கிறோம்.

1953இல் ‘ஔவையார்’. நாற்பத்தைந்து வயதில், கிழவி வேஷத்தில், கதாநாயகன் இல்லாமல், காதல் இல்லாமல் ஒரு படத்தை முழுக்கத் தோளில் சுமந்தார். அதற்கும் பிறகு ‘பூம்புகார்’, ‘திருவிளையாடல்’. ‘திருவிளையாடல்’ படத்தில் ஒரு வேடிக்கை. அதன் முடிவில் வருவது பாணபத்திரர் கதை. ஏமநாத பாகவதர் பெரிய மேதை. பாணபத்திரர் பயந்த சுபாவம். போட்டி என்றதும் கோயிலுக்கு ஓடிப்போய் அழுகிறார். சிவபெருமானே விறகு விற்கிறவனாக வந்து பாடி, ஏமநாதரை இரவோடிரவாக ஊரைவிட்டு ஓடவைக்கிறார். பாணபத்திரர் போட்டியில் ஒரு வரிகூடப் பாடாமலே ஜெயித்துவிடுகிறார். மேதையா உழைப்பாளியா என்ற கேள்விக்கு மதுரை கண்டுபிடித்த விடை இது: சிபாரிசு. அதே படத்தில் ஔவையாக வந்து தன் பாட்டைத் தானே பாடிவிட்டுப் போனார் சுந்தராம்பாள். இவருக்காக எந்தச் சாமியும் விறகு சுமந்ததில்லை.

1970இல் பத்மஸ்ரீ. 1980இல், எழுபத்தோராவது வயதில் காலமானார். கணவருக்குப் பிறகு நாற்பத்தாறு வருஷம்.

ஆகவே மாத்தளைத் தேத்தண்ணிக் கடை வாங்கிலிருந்து என் தீர்ப்பு. கிட்டப்பாவிடமிருந்து வரத்தைப் பிடுங்கிக்கொள்கிறேன். அதற்குப் பதில் இருபத்தோரு வருஷ உழைப்புக்கு முழுப் பேரும், இரவு வேலைக்கு ஓவர்டைமும் போட்டுக் கொடுக்கிறேன். அவரைத் தெய்வக் குழந்தை என்றவர்கள் அந்தக் கூலியைத்தான் இத்தனை நாளாக அமுக்கிவைத்திருந்தார்கள். சுந்தராம்பாளுக்கு, கஷ்டப்பட்டு முன்னுக்கு வந்தவர் என்ற பரிதாபப் பட்டத்தை ரத்துச் செய்கிறேன். கரூர் ரயிலில் சொல்லித்தர ஆளில்லாமல் பாடிய அந்தக் குரலுக்குப் பிறவி மேதை என்று எழுதிக்கொள்ளலாம். ஏற்கெனவே போட்ட அரைப் பேருக்கு நிலுவையும் சேர்த்துத் தர வேண்டும்.

தீர்ப்பில் திருப்தி இல்லாதவர்கள் மாசியில் காமன் கூத்துத் தொடங்கும்போது எங்கள் பக்கம் வரலாம். வைக்கோல் நெருப்பில் தப்பைக் காய்ச்சி, தோல் முறுகி நாதம் ஏறும் வரைக்கும் கூத்து ஆரம்பிக்காது. அதுவரை வாதாட நிறைய நேரம் இருக்கும். ஒரே ஒரு நிபந்தனை. இருவர் பாடிய இசைத்தட்டுகளும் இன்றைக்கும் தேடினால் கேட்கக் கிடைக்கின்றன. கேட்டுவிட்டு வாருங்கள்.